செயிண்ட் பால் குன்றின் சுவர்களும் சுவரோரக் கற்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறையை ஒட்டி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த மலாக்கா சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். செண்டோல் எந்தக் கடையில் நன்றாக இருக்கும், திரிஷா வண்டிக்கு எவ்வளவு கேட்பார்கள், ஜோங்கர் தெருவுக்கு எந்த நேரத்தில் போகலாம் என்று எல்லாம் விவரமாக இருந்தது. செயிண்ட் பால் குன்றுக்கு மட்டும் இரண்டே வரி. மேலே பாழடைந்த தேவாலயம் ஒன்று இருக்கிறது, அங்கிருந்து படம் எடுத்தால் அழகாக வரும் என்பதோடு கட்டுரை கீழே இறங்கிவிட்டது.

நான் கொத்தனார் வேலை செய்து ஓய்வு பெற்றவன். என் தகப்பனாரும் அதே தொழில்தான். சுண்ணாம்பை நீற்றி, ஊறவைத்து, சாந்து அரைத்து வேலை செய்த கடைசித் தலைமுறை அவருடையது. சிமெண்ட் மூட்டை வந்த பிறகும் பழைய வீடுகளைப் பழுது பார்க்க அவரைத்தான் தேடி வருவார்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் குன்றில் முதலில் ஏறினேன். சாமி கும்பிட அல்ல, நாங்கள் இந்துக்கள். சுவரைக் காட்டத்தான் அழைத்துப் போனார். “இதைக் கட்டியவன் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் வேலை நிற்கிறது பார்” என்றார். அந்த வேலையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதை இரண்டு வரியில் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் குன்று தேவாலயத்துக்காகப் பிறந்த குன்று அல்ல. மலாக்கா சுல்தான்களின் அரண்மனை இருந்த மேடு அது. 1511-இல் அல்போன்சோ டி அல்புகெர்க் படையெடுத்து வந்து ஊரைப் பிடித்தார். குன்றின் அடிவாரத்தில் ‘ஆ ஃபமோசா’ கோட்டையைக் கட்ட, இங்கிருந்த பள்ளிவாசலின் கற்களும் அரச குடும்பத்தாரின் கல்லறைக் கற்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. ஒருவருடைய வீட்டை இடித்த கல்லில்தான் மற்றொருவர் வீடு கட்டினார் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. தேவாலயத்தை நான் எவ்வளவு நேசித்தாலும் இதைச் சொல்லாமல் அதன் கதையைத் தொடங்க மாட்டேன். அந்தக் காலத்து மலாக்காவில் நம் ஆட்களும் இருந்தார்கள். நினா சத்து என்று போர்த்துகீசியர் எழுதிவைத்த பெருவணிகர் நம்மவர்தான். போர்த்துகீசியர் ஊரைப் பிடித்ததும் அவரைப் பெண்டகாராவாக, அதாவது தலைமை அமைச்சர் போன்ற பதவியில், நியமித்தார்கள். ஆகவே 1511-ஐப் பற்றிப் பேசும்போது நாம் வெளியே நின்று வேடிக்கை பார்த்தவர்கள் அல்ல என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அதற்குப் பத்து ஆண்டு கழித்து, 1521-இல், துவார்த்தே கொயெல்யோ என்ற போர்த்துகீசியக் கப்பல் தலைவர் குன்றின் உச்சியில் ஒரு சிறு ஆலயம் கட்டினார். தென்சீனக் கடலில் உயிர் தப்பியதற்கு நன்றியாக மாதாவுக்குச் செய்த நேர்த்திக்கடன் அது. நேர்த்திக்கடன் என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இதே கொயெல்யோதான் பிற்காலத்தில் பிரேசிலுக்குப் போய் பெர்னாம்புகோவின் முதல் ஆட்சியாளரானவர். தென்கிழக்காசியாவில் இன்றும் நிற்கும் தேவாலயக் கட்டடங்களில் மிகப் பழையது இதுதான் என்று கருதப்படுகிறது. கடலில் வருகிறவன் கண்ணுக்கு முதலில் படுவது குன்றின் தலை. அதனால்தான் அங்கே கட்டினார்கள். இப்போது நின்று பார்த்தால் அது புரியாது. கடலைத் தூர்த்து நிலமாக்கி, அதன்மேல் பேரங்காடிகள் வந்துவிட்டன. அன்று அலை குன்றின் காலடிக்கு அருகிலேயே அடித்தது.

இனி சுவருக்கு வருகிறேன். மேலே ஏறியதும் எல்லாரும் செல்பேசியைக் கடல் பக்கம் திருப்புகிறார்கள். ஒரு நிமிடம் திரும்பிச் சுவருக்குப் பக்கத்தில் போங்கள். செம்பழுப்பு நிறத்தில், சிறு சிறு குழிகளோடு, துருப்பிடித்த இரும்புபோல் தெரிகிற கல் அது. செம்பூராங்கல். இந்தக் கல்லுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. மண்ணுக்கடியில் ஈரத்தோடு இருக்கும்போது கோடரியாலேயே வெட்டலாம், அவ்வளவு மென்மை. வெட்டி எடுத்து வெயிலிலும் காற்றிலும் போட்டால், அதிலிருக்கும் இரும்புச் சத்து இறுகி நாளாக ஆகக் கெட்டிப்படும். கருங்கல்லை உடைக்க வேண்டிய உளியும் ஆள்பலமும் இதற்குத் தேவையில்லை. அவசரமாகக் கோட்டையும் கோவிலும் கட்ட வேண்டிய ஒரு படைக்கு இதைவிட நல்ல கல் எங்கே கிடைக்கும்? ஆ ஃபமோசாவும் இந்தக் கல்தான், தேவாலயமும் இந்தக் கல்தான்.

ஆனால் இந்தக் கல்லுக்கு ஒரு குறை உண்டு. நுண்வேலைக்கு வராது. விளிம்பு பிடித்தால் உதிரும். மெல்லிய தூண், பூவேலை, கூரிய மூலை எதுவும் இதில் நிற்காது. கருங்கல் தாங்கும் பாரத்தையும் தாங்காது. ஆகவே கட்டியவர்கள் என்ன செய்தார்கள்? சுவரைத் தடிமனாக எழுப்பினார்கள். வாசலுக்கும் சன்னலுக்கும் திறப்பு விட்ட இடங்களில் வளைவு போட்டு, மேலிருக்கும் பாரத்தை இரண்டு பக்கமும் பிரித்து இறக்கினார்கள். உள்ளே தூண் வரிசை இல்லை, பக்கக் கூடங்கள் இல்லை. நீளமான ஒரே கூடம், அதன் முடிவில் பீடம் இருந்த பகுதி, அவ்வளவுதான். வெளியேயும் உள்ளேயும் சுண்ணாம்பு பூசி வெள்ளையாக வைத்திருந்தார்கள். பூச்சு சில இடங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பாவின் பெரிய தேவாலயங்களைப் படத்தில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதை “வெறும் சுவர்” என்று சொல்லிவிடுகிறார்கள். கிடைத்த கல்லின் குணம் அறிந்து, அந்தக் கல்லால் முடிந்ததை மட்டும் கேட்டு வாங்கிய வேலை இது. நல்ல கொத்தனாருக்கு அதுதான் இலக்கணம்.

கூரை போய் இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. நம் ஊர் மழை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். பிற்பகலில் இருட்டிக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் கொட்டினால் தெருவே வாய்க்கால் ஆகிவிடும். அத்தனை மழையும் அந்தச் சுவர்களின் தலையில் நேராக இறங்குகிறது. கூரை இருக்கும்வரை சுவரின் உச்சி நனையாது. கூரை போய்விட்டால் தண்ணீர் மேலிருந்து சுவருக்குள்ளேயே இறங்கி, சாந்தைக் கரைத்து, கல்லைக் கல்லிலிருந்து பிரித்துவிடும். எத்தனையோ பெரிய வீடுகள் பத்தே ஆண்டில் இப்படி விழுந்ததைத் தொழிலில் கண்டிருக்கிறேன். இது விழவில்லை.

கட்டடம் ஒரே மூச்சில் எழுந்ததும் அல்ல. 1548-இல் கோவா ஆயர் இந்த ஆலயத்தை இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் அமைப்பினரிடம் ஒப்படைத்தார். அவர்கள் 1556-இல் பெரிதாக்கி மேல்தளம் எழுப்பினார்கள். 1590-இல் மணிக்கூண்டு ஒன்றும் சேர்ந்தது. அது இப்போது இல்லை. 1592 முதல் உள்ளே அடக்கம் செய்யும் வழக்கமும் தொடங்கியது. அதாவது கொயெல்யோவின் சிறு ஆலயம், அதன்மேல் இயேசு சபையினரின் தேவாலயம், பிறகு டச்சுக்காரர்களின் மாற்றங்கள் என்று ஒன்றின்மேல் ஒன்றாக வந்த கட்டடம். வழிகாட்டிகள் சிலர் “போர்த்துகீசியர் கட்டினார்கள், டச்சுக்காரர்கள் இடித்தார்கள்” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். அது சரியல்ல. டச்சுக்காரர்கள் இதை நூறு ஆண்டுக்கு மேல் தங்கள் தேவாலயமாகவே பயன்படுத்தினார்கள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சவேரியாரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் குன்றைப் பற்றிப் பேச முடியாது. இயேசு சபைக் குருவான புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் மதப் பணிக்காகக் கோவாவுக்கு வந்தார். அதே ஆண்டு முத்துக்குளித்துறைக்குப் போய், தூத்துக்குடி வட்டாரத்துப் பரதவ மக்களிடையே வேலை செய்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை உட்காரவைத்து, ஜெபங்களைத் தமிழில் பெயர்த்து வாங்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியை அடித்துக்கொண்டு தெருவில் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். 1545-இல் மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கிவிட்டு, அந்தக் கரையிலிருந்துதான் மலாக்காவுக்குக் கப்பலேறினார். இங்கே வந்தும் அதே முறைதான்: ஜெபங்களை மலாய் மொழிக்குக் கொண்டுவர ஆள் தேடினார், மணியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். மலாக்காவின் வீதிகளில் கேட்ட அந்த மணி, முதலில் தமிழ்க் கடற்கரைக் கிராமங்களில் பழகிய மணி. நம் பிள்ளைகளிடம் இதை யார் சொல்கிறார்கள்?

1547 டிசம்பரில் அஞ்சிரோ என்ற ஜப்பானியரை மலாக்காவில்தான் சவேரியார் சந்தித்தார். அந்தச் சந்திப்புதான் அவரை ஜப்பானுக்கு இழுத்தது. 1549-இல் இங்கிருந்து புறப்பட்டு ககோஷிமா போய்ச் சேர்ந்தார். 1552-இல் சீனாவுக்குப் போகும் முயற்சியில் சாங்சுவான் தீவில் டிசம்பர் 3-ஆம் தேதி இறந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் அவருடைய உடல் மலாக்காவுக்கு வந்தது. இந்தத் தேவாலயத்தில் மண்ணில் வைத்தார்கள். ஒன்பது மாதம் போல இங்கே இருந்த பிறகு, 1553 டிசம்பரில் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். பீடம் இருந்த இடத்துக்கு முன்னால் கம்பி வலை போட்டு மூடியிருக்கிற வெறும் குழி அந்தக் கல்லறைதான்.

வாசலுக்கு வெளியே வெள்ளைப் பளிங்குச் சிலை ஒன்று நிற்கிறது. சவேரியாரின் நினைவாக 1952-இல் வைத்தது. வலது கை இல்லை. சிலையை அர்ச்சித்த மறுநாளே சவுக்கு மரம் ஒன்று விழுந்து கையை உடைத்தது என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். 1614-இல் அவருடைய வலக்கரம் எடுக்கப்பட்டு ரோமுக்குப் போனதோடு இதைச் சேர்த்துச் சொல்லும்போது கேட்பவர்களுக்குச் சிலிர்க்கிறது. சொல்லட்டும், குறையில்லை. ஆனால் அதோடு கதையை முடித்துக்கொண்டு, உள்ளே போகாமலே கூட்டம் கூட்டமாகத் திரும்பிவிடுகிறார்கள். அதுதான் வருத்தம்.

உள்ளே போங்கள் ஐயா. சுவரோரம் ஆள் உயரத்துக்கும் மேலாகக் கற்பலகைகள் சாய்ந்து நிற்கின்றன. ஒரு காலத்தில் தரையில் பதித்திருந்தவை, பிற்காலத்தில் தூக்கி நிறுத்தப்பட்டவை. அவற்றில் ஒன்று ஜப்பானின் இரண்டாம் ஆயராக இருந்த பேத்ரோ மார்ட்டின்ஸ் என்ற இயேசு சபைக் குருவினுடையது. 1598 பிப்ரவரியில் சிங்கப்பூர் நீரிணையில் இறந்தார் என்று அந்தக் கல் லத்தீனில் சொல்கிறது. சவேரியார் இங்கிருந்து ஜப்பானுக்குப் போய் அரை நூற்றாண்டு கழித்து, ஜப்பானின் ஆயர் இங்கே வந்து மண்ணுக்குள் போனார். வரலாற்றுப் பாடத்தில் ஒரு மாதம் நடத்த வேண்டியதை அந்த ஒரு கல் சொல்லிவிடுகிறது.

மற்ற பெரிய கற்களில் பல டச்சுக்காரர்களுடையவை. 1641 ஜனவரியில், பல மாத முற்றுகைக்குப் பிறகு, ஜொகூர் படையின் துணையோடு டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். அவர்கள் புரோட்டஸ்டண்ட் மதத்தினர். மாதாவின் பெயரை நீக்கி, செயிண்ட் பால் தேவாலயம் என்று பெயர் வைத்து, இதே சுவர்களுக்குள் தங்கள் வழிபாட்டை நடத்தினார்கள். 112 ஆண்டுகள் நடத்தினார்கள். இறந்த அதிகாரிகள், வணிகர்கள், அவர்களுடைய மனைவிமார், குழந்தைகள் எல்லாரையும் இந்தத் தரைக்கடியில்தான் வைத்தார்கள்.

அந்தக் கற்களில் ஒன்றின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மேலே ஒரு கேடயம், கேடயத்தின்மேல் தலைக்கவசம், தலைக்கவசத்திலிருந்து இரண்டு பக்கமும் சுருண்டு இறங்கும் இலைகள். அந்த இலைச் சுருளைப் பாருங்கள். உளியை எங்கே சாய்த்தான், எங்கே நிமிர்த்தினான் என்று கைத்தொழில் தெரிந்தவன் சொல்லிவிடுவான். சுருளின் உட்பக்கம் ஆழமாக இறங்கி, விளிம்பு மட்டும் மேலே எழுந்து நிற்கிறது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும் காலை நேரத்தில் இலை கல்லிலிருந்து தனியாகப் பிரிந்து நிற்பதுபோல் தெரியும். அதன் கீழே எழுத்துகள். எல்லா எழுத்தும் ஒரே ஆழம், ஒரே சாய்வு. செம்பூராங்கல்லில் இந்த வேலை நடக்கவே நடக்காது. இது கெட்டிக் கல், வேறு கை.

எந்தக் கை என்று கேட்டால் நான் ஒரு செய்தியைச் சொல்வேன். டச்சுக் கம்பெனிக்குச் சோழமண்டலக் கரையில் பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் என்று தளங்கள் இருந்தன. அந்தக் கரையின் கருங்கல்லில் கல்லறைப் பலகைகளைச் செதுக்கவைத்து, ஆசியாவிலிருந்த தங்கள் மற்ற ஊர்களுக்குக் கப்பலில் அனுப்புவது அவர்களுடைய வழக்கம். பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், அப்படி வந்த சோழமண்டலக் கற்கள் இருக்கின்றன. பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் டச்சுக் கல்லறைத் தோட்டங்களில் இதே கேடயமும் இதே இலைச் சுருளும் கொண்ட கற்களை இன்றும் பார்க்கலாம். கோவில் தூணிலும் விமானத்திலும் கொடிச்சுருள் செதுக்கிப் பழகிய ஊர் அது. தமக்குப் படிக்கத் தெரியாத டச்சு எழுத்தை ஒரு வளைவு பிசகாமல் வெட்டிக் கொடுத்த அந்தக் கரையின் சிற்பிகளுக்கு எந்தக் கல்லிலும் பெயர் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு செயிண்ட் பால் தேவாலயத்துக்குள் நின்று அந்தச் சுவரோரக் கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வாருங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

1741-இல், ஊரைப் பிடித்து நூறாண்டு ஆன நினைவாக, டச்சுக்காரர்கள் கீழே கிறிஸ்து தேவாலயத்தைத் தொடங்கினார்கள். நீங்கள் எல்லாரும் படம் எடுக்கும் அந்தச் சிவப்புக் கட்டடம்தான். 1753-இல் அது முடிந்ததும் மேலே இருந்தது கைவிடப்பட்டது. கூரை போயிற்று. பாதுகாப்புக் கொத்தளமாகவும் கல்லறையாகவும் கொஞ்சக் காலம் இருந்தது. பிறகு வந்த பிரிட்டிஷார் வெடிமருந்துக் கிடங்காகப் பயன்படுத்தினார்கள். முகப்புக்கு நேர் எதிரே ஒரு கலங்கரை விளக்கத்தையும் கட்டினார்கள். முகப்பை முழுதாகப் பார்க்க முடியாமல் அது மறைப்பது எனக்குப் பிடிக்காதுதான். ஆனாலும் அதுவும் இப்போது இந்த இடத்தின் வரலாறாகிவிட்டது. இடிக்கச் சொல்ல மாட்டேன்.

மேலே கூரை போன அதே தலைமுறையில், 1781-இல், டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில், தலைமுறைகளாக இங்கேயே வாழும் தமிழ் வம்சாவளியினரான மலாக்கா செட்டிகள் பொய்யாத விநாயகர் கோவிலை எழுப்பினார்கள். குன்றிலிருந்து இறங்கி ஆற்றைக் கடந்தால் நடந்தே போய்விடலாம். கோவிலுக்குப் போகும் நம் மக்கள் தேவாலயத்துக்கும், தேவாலயத்துக்குப் போகிறவர்கள் கோவிலுக்கும் ஒரு நடை போய் வந்தால், 18-ஆம் நூற்றாண்டு மலாக்கா முழுதாகக் கண்ணில் தெரியும்.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம் உண்டு. அண்மையில் குன்றில் கண்ட சிலவற்றை உங்கள் வாசகர்களிடம் சொல்லியாக வேண்டும். இளைஞர் ஒருவர் வண்டிச் சாவியை எடுத்து, எஞ்சியிருக்கும் சுண்ணாம்புப் பூச்சில் தன் பெயரையும் இன்னொரு பெயரையும் கீறிக்கொண்டிருந்தார். தமிழில்தான் கீறினார். நான் பக்கத்தில் போய்ப் பேசினேன். கோபப்படவில்லை. “தம்பி, கூரை போன பிறகும் இரண்டரை நூற்றாண்டு மழைக்குத் தாங்கிய பூச்சு, உங்கள் சாவிக்குத் தாங்காது” என்றேன். கையை எடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்வதைவிட, அது என்ன சுவர் என்று ஒருவரும் அவருக்குச் சொல்லாததைத்தான் குறை சொல்ல வேண்டும்.

இன்னொன்று, கல்லறைக் குழிக்குள் காசு போடுவது. வேண்டுதலுக்குக் காசு போட வேண்டுமானால் குன்றின் கீழே கோவில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாவற்றிலும் உண்டியல் இருக்கிறது. ஒரு மனிதரின் உடல் கிடந்த மண் அது. கம்பி வலையின்மேல் காலை வைத்து எட்டிப் பார்த்துக் காசு எறிவது மரியாதை அல்ல. கற்பலகைகளின்மேல் சாய்வதும், குழந்தைகளை அவற்றின் விளிம்பில் ஏற்றிப் படம் எடுப்பதும் அப்படியே. வியர்வைக் கையின் உப்பும் எண்ணெயும் பட்டுப் பட்டு, செதுக்கிய எழுத்தின் விளிம்பு மழுங்குகிறது. கண்ணால் படிக்க வேண்டிய கல்லைக் கையால் தேய்த்துப் படிக்க வேண்டாம்.

பழுது பார்க்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் தொழில்காரனாக ஒரு வேண்டுகோள். 2008-இல் யுனெஸ்கோ மலாக்காவை ஜார்ஜ் டவுனோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிறகு கவனிப்பு கூடியிருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் இதுபோன்ற சுவர்களில் சிமெண்டைத் தொடவே கூடாது. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்ட் விடாது. சிமெண்ட் பூசிய இடத்துக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, வெளியே வர வழி தேடிப் பக்கத்திலிருக்கும் செம்பூராங்கல் வழியாகவே வரும், உப்பு படியும், கல் பொடிப்பொடியாக உதிரும். அப்போது பார்த்தால் சிமெண்ட் புதிதாக இருக்கும், கல் போயிருக்கும். இந்தத் தவறைப் பழைய வீடுகளில் எத்தனையோ இடங்களில் கண்டு, பெயர்த்தெடுத்துச் சரிசெய்திருக்கிறேன். சுவரின் தலைப்பகுதியைச் சுண்ணாம்பால் சரிவாக மெழுகி, மழைநீர் வழிந்தோடும்படி செய்வதும், விரிசலில் வேர் விடும் செடிகளை இளங்கன்றிலேயே எடுப்பதும் பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல. செடி சுவருக்குள் இறங்கி ஆணிவேர் விட்ட பிறகு பிடுங்கினால் கல்லும் கூடவே வரும். அந்த வேலைக்குச் சுண்ணாம்பு தெரிந்த கை வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் போவதற்குள் இளைஞர்கள் நான்கு பேரையாவது பழக்கிவிட வேண்டும்.

உங்கள் பத்திரிகையிடம் கேட்பது பெரிதல்ல. அடுத்த முறை மலாக்காவைப் பற்றி எழுதும்போது குன்றுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். கற்களில் ஐந்தாறைப் படம் எடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் போடுங்கள். டச்சும் லத்தீனும் படிக்கத் தெரிந்தவர்கள் உதவியோடு இதைச் செய்வது ஒரு பத்திரிகைக்கு எளிது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு வந்தால், பிள்ளைகள் சுவரோரம் நின்று ஒவ்வொரு கல்லாகப் பொருத்திப் பார்த்துப் படிப்பார்கள். சுற்றுலா வருகிற பள்ளிப் பேருந்துகள் இப்போது கோட்டை வாசலில் நிறுத்தி, மேலே போய்வர அரை மணி நேரம் கொடுக்கிறார்கள். ஏறி இறங்கவே அது சரியாக இருக்கிறது. ஒன்றரை மணி நேரமாவது கொடுங்கள். அதில் பாதி நேரம் உள்ளே கழியட்டும்.

எந்தத் தமிழ்ப்பள்ளியாவது பிள்ளைகளை அழைத்து வருவதாக இருந்தால், நானே கூட வந்து சுவரைக் காட்டத் தயாராக இருக்கிறேன், பணம் வேண்டாம். பத்திரிகை அலுவலகம் வழியாகத் தகவல் அனுப்பினால் போதும். என் தகப்பனாருடைய தூக்குக்குண்டையும் மட்டப்பலகையையும் கொண்டு வருவேன். பிள்ளைகளே நூலைப் பிடித்து, அந்தச் சுவர் இன்னும் எவ்வளவு நேராக நிற்கிறது என்று பார்க்கட்டும். காலை எட்டு மணிக்கு வாருங்கள். அப்போதுதான் கற்களின்மேல் வெளிச்சம் சாய்வாக விழும், எழுத்து தெரியும். பத்து மணிக்கு மேல் உள்ளே நிழல் குறைந்துவிடும். பிள்ளைகளுக்குத் தொப்பியும் தண்ணீரும் அவசியம். படிகள் மழை நாளில் வழுக்கும், நல்ல செருப்பு போட்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கொத்தனார் ஒருவர்,
மலாக்கா.